நகத்தைப் படமெடுக்கும்போது நேரும் தவறுகள்

வயலில் இறங்குபவரின் கால்நகம் தடித்து மஞ்சளாகிக் கிடந்தால், வன்னியில் அதை எவரும் நோயாகக் கருதுவதில்லை. சேறும் மண்வெட்டியும் செய்த வேலை என்று விட்டுவிடுவார்கள், பெரும்பாலும் அது உண்மையுமாகும். ஆனால் கைநகங்களில் ஊசியால் குத்தியதுபோன்ற குழிகளும், நகம் நுனியிலிருந்து கிளம்புவதும், விரல் நுனி மூட்டின் வீக்கமும் சேர்ந்திருந்தால், சொரியாசிஸ் என்னும் தோல்நோயோடு சேர்ந்து வரும் மூட்டழற்சியான சொரியாசிஸ் மூட்டுவாதத்தைச் சந்தேகித்தே ஆகவேண்டும்.

எக்ஸ்-றேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக நோயே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் முதன்மையான தவறு. விரலை நிமிர்த்தும் தசைநாண் நுனி மூட்டருகே எலும்பில் பற்றும் இடமும் நகவேரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அழற்சி அந்த மென்பகுதியில் இருக்கும்போது எக்ஸ்-றே எதையும் காட்டாது, எலும்பு அரிக்கப்பட்ட பின்னரே காட்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கான் இதை முன்னதாகவே காட்டக்கூடும், செய்யும் முறை சரியாக இருந்தால். வயிற்றுக்குப் பயன்படுத்தும் கருவிமுனை இதற்கு உதவாது. 15 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்டதே வேண்டும். நல்ல நகத்தட்டு இரண்டு வெண்கோடுகளாகவும் இடையில் கருமையாகவும் தெரியும். நோயில் உட்கோடு மங்குவதும், பின்னர் கோடுகள் ஒன்றாகித் தட்டுத் தடிப்பதும் உண்டு. ஜெல்லைத் தாராளமாக இட்டு, கருவியை நகத்தில் அழுத்தாமல் பிடிக்கவேண்டும். அழுத்தினால் நுண்குழாய்களின் இரத்தவோட்டம், அதைக் காட்டும் ஸ்கான் முறையான டொப்ளரில் மறைந்துவிடும். காலபோக மழையில் மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்தவரின் குளிர்ந்த கையிலும் ஓட்டம் குறைவாகவே தெரியும் என்பதால், கை சூடாகும்வரை பொறுப்பது நல்லது. மறுபுறம், நலமான நகப்படுக்கையிலும் இரத்தவோட்டம் உண்டு; அது தெரிந்தவுடன் அழற்சி என்று எழுதுவதும் பிழையே.

தடித்த நகத்தை ஸ்கானை மட்டும் வைத்துச் சொரியாசிஸ் என்று கொள்ளவும் கூடாது. பங்கசுத் தொற்றும் அடிபட்ட காயமும் ஏறத்தாழ அதே தோற்றத்தைத் தரும், சொரியாசிஸும் பங்கசும் ஒரே நகத்தில் இருப்பதும் உண்டு. பங்கசு உண்டா என்றறிய நகத்துணுக்கைச் சோதிப்பது மலிவான வழி. சேற்றில் நிற்பவரிடம் கால்நகத்தைவிடக் கைநகமே நம்பகமான சாட்சி.

புகைப்படத்துக்கு முன் நகத்தை ஒட்ட வெட்டிச் சுரண்டி அழகாக்கி வருவது வேண்டாம். பார்க்கவேண்டியதே அதில் போய்விடும். நகப்பூச்சை அழிக்கலாம், மருதோன்றிச் சிவப்போ நகம் வளர்ந்து நீங்கும்வரை போகாது, அது சொரியாசிஸில் நகத்தடியில் தெரியும் எண்ணெய்த்துளி போன்ற திட்டுகளை மறைக்கும் என்பதால் வைத்தியரிடம் முன்பே சொல்லிவிடவேண்டும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே வளர்வதால், மருந்து தொடங்கி இரு வாரத்தில் மறுபடமெடுத்து மனமுடைவதில் பொருளில்லை. பத்து விரல்களையும் பகல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், திகதியுடன் எடுத்து வைத்திருந்தால், சில மாதங்கள் கழித்து வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பார்க்கும் வேறொரு வைத்தியருக்கும் ஒப்பிட ஏதேனும் இருக்கும்.