இராமேஸ்வரம் கிட்டத்தானே? கொழும்பிலிருந்து போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 29 கிலோமீட்டர்தான். கொழும்பு கோட்டையிலிருந்து நீர்கொழும்புக்குப் போவதைவிடக் குறைவு. நம்மவர்கள் இராமேஸ்வரப் பயணத்தில் விடும் பிழைகளில் முக்கால்வாசி இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. கிட்டத்தானே, அங்கேயும் தமிழ்தானே, சனி ஞாயிறோடு ஒரு போயா சேர்ந்தால் போய் வந்துவிடலாமே என்று வெளிக்கிடுகிறோம். காசிக்குப் போவதென்றால் ஊர் முழுக்க விசாரிக்கிற அதே ஆட்கள், இராமேஸ்வரத்துக்கு ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

முதலில் வழியைப் பார்ப்போம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, கோட்டை நிலையத்தில் இரவு ஏறி, தலைமன்னாரில் கப்பலுக்கு மாறி, தனுஷ்கோடியில் மறுபடி புகையிரதம் பிடித்துச் சென்னை வரை போகும் வழி ஒன்று இருந்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் போட் மெயில் கதை கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டீர்கள். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கே போய் வந்தது. 1980களில் போர் அதையும் நிறுத்தியது. 2015இல் தலைமன்னார் வரை புகையிரதம் திரும்ப ஓடத் தொடங்கியதும், கப்பலும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது ஓடவில்லை. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. காற்றும் கடலும் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். அவசரமில்லாதவர்களுக்கு நல்ல வழிதான். ஆனால் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து நாகை, பிறகு தெற்கே நீளும் தரைப்பயணம் என்று பார்த்தால், லீவு எண்ணி எடுத்தவர்களுக்கு அது ஒத்துவராது.

ஆகவே விமானம். சென்னை டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று அங்கே இறங்குவது வழக்கமான தவறு. சென்னையிலிருந்து இராமேஸ்வரம் 550 கிலோமீட்டருக்கு மேல். ஒரு முழு இரவு போய்விடும். மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர், வான் வண்டியில் மூன்றரை மணி நேரம். மதுரைக்கு இடமில்லை என்றால் திருச்சி. டிக்கெட் போடுவதற்கு முன் விசாவைப் பாருங்கள்: இ-விசா எல்லா விமான நிலையங்களிலும் எல்லாத் துறைமுகங்களிலும் செல்லுபடியாகாது. நீங்கள் இறங்கும் இடம் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று அரசாங்கத் தளத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது தங்குமிடம். இங்கேதான் “தமிழ்தானே” என்ற நினைப்பு அடி வாங்குகிறது. நாம் எவ்வளவு தமிழ் கதைத்தாலும் கையில் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் எந்த விடுதியும் 24 மணி நேரத்துக்குள் ‘படிவம் சி’ என்று வழங்கிவந்த பதிவைச் செய்தாக வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள சின்ன லாட்ஜ்களும் சில மடங்களும் இந்தத் தலையிடியே வேண்டாம் என்று அறை இல்லை என்றுவிடுவார்கள். இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் சன்னிதித் தெருவில் நின்று அதைக் கேட்பதைவிட, கொழும்பிலிருந்தே அழைத்து “இலங்கைப் பாஸ்போர்ட், எடுப்பீர்களா?” என்று நேரடியாகக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். கடவுச்சீட்டு, விசா இரண்டிலும் சில பிரதிகள் கையில் இருக்கட்டும்.

எந்த மாதம் என்பதிலும் கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு சிக்கல். பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் வருகிறது. ஏப்ரலில் அக்கினி தீர்த்தத்திலிருந்து கோயில் வாசல் வரை வெறுங்காலோடு நடந்து பார்த்தால் தெரியும் அந்தத் தரையின் சூடு. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை, போதாததற்கு ஐயப்ப பக்தர்களின் கூட்டம். ஆகஸ்டில் ஆடி அமாவாசை எப்போது விழுகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். ஆடி, மகாளய, தை அமாவாசைகளில் அந்தச் சின்னத் தீவு தாங்காத அளவுக்குச் சனம் வரும். சுற்றிப் பார்க்கவும் ஆறுதலாகக் கும்பிடவும் போகிறவர்கள் அந்த நாட்களின் பக்கமே போகக்கூடாது. என்னைக் கேட்டால் பொங்கல் முடிந்த பிறகு, தை அமாவாசையையும் சிவராத்திரியையும் தவிர்த்து, மார்ச் நடுப்பகுதிக்குள் போவதுதான் சுகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஆடி அமாவாசை கழிந்த ஆகஸ்ட் நாட்கள்.

கோயிலில்

ஒரே நாளில் மதுரையிலிருந்து போய்த் திரும்புவதைப் பெரிய தவறு என்பேன். நடை அதிகாலை 5 மணிக்குத் திறக்கும். முதல் ஒரு மணி நேரம்தான் ஸ்படிக லிங்க தரிசனம். பகல் 1 மணிக்குச் சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள். மதுரையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருகிறவர் பதினொரு மணிக்குத் தீர்த்த வரிசையில் நின்று, நனைந்து, உடை மாற்றி முடிக்கும்போது கதவு மூடியிருக்கும். ஒரு இரவாவது அங்கே தங்குங்கள்.

தீர்த்தமாடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கோயிலுக்குக் கிழக்கே கடலில், அதுதான் அக்கினி தீர்த்தம். பிறகு ஈர உடையோடு உள்ளே வந்து 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். இவை பெரும்பாலும் கிணறுகள். மேலே நிற்கிறவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். அதற்குப் பிறகு கட்டாயம் உலர்ந்த உடைக்கு மாற வேண்டும், ஈரத்தோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். இதைத் தெரியாமல் நல்ல பட்டுச் சேலையோடு தீர்த்தத்துக்கு வருகிற அக்காமாரையும், மாற்றுத் துணியை ஹோட்டலில் வைத்துவிட்டு வருகிற அண்ணன்மாரையும் எந்த நாளும் பார்க்கலாம். கடும் நிறத்தில் பருத்தி உடை, தனிப் பையில் மாற்றுடுப்பு, ஒரு துவாய், அவ்வளவு போதும். கல் தரை எப்போதும் ஈரம், வழுக்கும். முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவை 22 கிணறுக்கும் இழுத்துக்கொண்டு ஓடத் தேவையில்லை. தீர்த்தத்தைக் கொண்டுவந்து தலையில் தெளித்துவிட்டால் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

தீர்த்தத்துக்குக் கோயிலே டிக்கெட் தருகிறது. வெளியே நின்று “சார், அம்மா, நான் கூட்டிப்போறேன்” என்கிறவர்களின் தொகை வேறு. வடநாட்டு யாத்திரிகர்கள் பெருமளவில் வரும் ஊர் என்பதால் தரகர்கள் முதலில் இந்தியில்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் வாயைத் திறந்ததும் இலங்கை என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அத்தோடு விலையும் மாறும். தர்ப்பணம், திதி கொடுக்கப் போகிறவர்கள் புரோகிதரோடு தட்சணையை முன்பே முடிவாகக் கதைத்துவிட்டு உட்கார வேண்டும். இன்னொன்று, தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள். பூட்டனின் பெயர் தெரியாமல் கடற்கரையில் நின்றபடி கொட்டாஞ்சேனைப் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப் எடுக்கிற காட்சி அங்கே சாதாரணம்.

கைத்தொலைபேசி உள்ளே கொண்டுபோக முடியாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் தொலைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் குடும்பத்தில் யார் எங்கே காத்திருப்பது என்று வாசலிலேயே பேசிவிடுங்கள், பிரகாரத்தில் ஆள் தொலைந்தால் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். கத்தோலிக்க மருமகளோ பௌத்த நண்பரோ கூட வருகிறார் என்றால், இந்து அல்லாதோரைக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதிப்பதில்லை என்பதை அவருக்கு முன்பே சொல்லிவிடுவது மரியாதை. கொழும்பில் எல்லாக் கோயிலுக்கும் எல்லாரும் போய்ப் பழகிய நமக்கு அங்கே அந்த அறிவிப்புப் பலகை கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

கும்பிட்டு முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வெளிப் பிரகாரத்தில் மட்டும் 1212 தூண்கள் என்பார்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் வேலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கும் இந்த நீளம் புதிது. இந்த மூன்றாம் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரத்து மன்னர் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவேறியது. இதில் நமக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்களைச் ‘சேது காவலர்’ என்று சொல்லிக்கொண்டார்கள், அவர்கள் நாணயத்திலும் ‘சேது’ என்றே பொறித்தார்கள். கருவறைத் திருப்பணிக்குத் திருகோணமலையிலிருந்து கல் போனது என்றும் சொல்லப்படுகிறது. சம்பந்தர் கடல் கடக்காமல் இங்கே இருந்தபடியே கோணேசரையும் கேதீச்சரத்தானையும் பாடினார் என்பது சைவ மரபு. வழிகாட்டிகள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். பெரிய நந்தியைக் காட்டிவிட்டு அடுத்த குழுவைப் பிடிக்கப் போய்விடுவார்கள்.

தனுஷ்கோடி

கோயிலிலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2017இலிருந்து அதுவரை தார்ச்சாலை உண்டு, முன்பு போல மணலில் ஜீப் ஏற வேண்டியதில்லை. தவறு நேரத்தில்தான் நடக்கிறது. சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்தால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பொழுதுபட்டபின் அங்கே இருக்க விடுவதில்லை. நடுப்பகலிலும் வேண்டாம், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. விடிந்ததும் போவதே சரி. அப்போதுதான் போகிற வழியில் நீர்த்தேக்கத்தில் பூநாரைகளையும் நிதானமாகப் பார்க்க முடியும். மன்னாருக்கு வருகிற அதே பறவைகள்தான்.

முனையில் குளிக்க இறங்காதீர்கள். ஒரு பக்கம் பாக்கு நீரிணை, குளம் போல அமைதி. மறுபக்கம் மன்னார் வளைகுடா, அலை புரட்டும். பெண் கடல், ஆண் கடல் என்று அங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீரோட்டம் எப்போது எங்கே இழுக்கும் என்று தெரியாது. கோல்ஃபேஸில் கால் நனைத்த அனுபவம் இங்கே உதவாது.

“இலங்கை தெரியுது பாருங்க” என்று தொலைநோக்கியை நீட்டுகிறவருக்குக் காசு கொடுக்க வேண்டாம். மன்னார்த் தீவு தட்டையான நிலம். அவர் காட்டுவது இடையில் உள்ள மணல்திட்டாக இருக்கும். அந்தத் திட்டுக்கே படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். 1974 ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக்கோடு அந்தப் பக்கம்தான் போகிறது, இரண்டு நாட்டுக் கடற்படையும் ரோந்து சுற்றும் கடல். இலங்கைக் கடவுச்சீட்டோடு மீன்பிடிப் படகில் அங்கே பிடிபட்டால் சுற்றுலா என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. டிரோனும் வேண்டாம். 2022இலிருந்து இந்தியாவுக்குள் டிரோன் இறக்குமதியே தடை, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இடிந்த தேவாலயத்தையும் நிலையத்தையும் பார்க்கும்போது, அது படம் எடுக்க அழகான பாழ் இடம் மட்டுமல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து வந்த பயணிகள் புகையிரதம் தனுஷ்கோடியை எட்டுமுன் அலையில் போனது. நூற்றுக்கு மேற்பட்டோர், ஒருவரும் மிஞ்சவில்லை. அதே புயல் நமது வடக்கையும் அடித்துவிட்டுத்தான் போனது. அந்த அலையில் நின்று பிடித்த கட்டடம் கோதண்டராமர் கோயில். விபீடணன் சரணடைந்த இடம் என்று வழங்குவது. திரும்பும்போது இறங்கலாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாம்பன் வாகனப் பாலத்தின் நடுவில் வானை நிறுத்திப் படம் எடுப்பது ஆபத்து, பொலிஸும் பிடிக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய புகையிரதப் பாலத்தைப் பார்க்க ஆசையென்றால் மண்டபம் நிலையத்திலோ இராமநாதபுரத்திலோ ஏறிப் புகையிரதத்திலேயே கடந்துவிடுங்கள். கலாம் நினைவிடம் பேக்கரும்பில், வீடு பள்ளிவாசல் தெருவில். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஆட்டோக்காரரைக் குழப்பாதீர்கள். மண்டபத்தில் உறவினர் இருக்கிறார்கள் என்று நேராக அங்குள்ள இலங்கை அகதிகள் முகாமுக்குப் போய் நிற்பவர்களும் உண்டு. 2021இல் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறினாலும் வாசலில் காவல் இருக்கிறது, அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. அவர்களை வெளியே வரச் சொல்லிச் சந்திப்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

காசு விஷயம். இலங்கை ரூபாயை அங்கே யாரும் தொடமாட்டார்கள். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியர்கள் கொழும்புக் கடைகளில் தங்கள் யுபிஐயில் ஸ்கேன் செய்து கட்டுகிறார்கள். நமது வங்கிச் செயலியால் இராமேஸ்வரத்தில் ஒரு இளநீர்கூட வாங்க முடியாது. விமான நிலையத்திலேயே மாற்றி, சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கடைத்தெரு. சிப்பி, சங்கு மாலைகளுக்கு நடுவே முருகைக்கல்லும் விற்பார்கள். மிதக்கும் கல் என்று தொட்டியில் காட்டிவிட்டு, வீட்டுக்கு ஒன்று கொண்டுபோங்கள் என்பார்கள். மன்னார் வளைகுடா 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. முருகைக்கற்களும் சில சங்கு வகைகளும் இந்திய வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. நாம் வடக்கில் பண்ணை வைத்து வளர்க்கும் கடலட்டை அங்கே 2001இலிருந்து பிடிக்கவே தடை, அவ்வளவு கண்டிப்பு. வெண்சங்கு வாங்கினால் ரசீதோடு வாங்குங்கள், முருகைக்கல்லைத் தொடவே வேண்டாம். பனையோலைப் பெட்டி வாங்கலாம், பாரமும் இல்லை. கருவாடு தேவையில்லை. அதே கடலின் கருவாடு மன்னாரிலிருந்து வெள்ளவத்தைச் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, கட்டுநாயக்கவில் உங்கள் பெட்டி மணக்க வேண்டியதில்லை.