நாலு பே உள்ள பழைய சர்வரில் ரெய்டு 5-ஐப் பெரிதாக்குவது எப்படி?

பே என்றால் டிஸ்க் செருகும் இடம். உள்ளே நான்கு 1 டிபி டிஸ்க், அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஆளும் லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு 5. ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்கு (பழுதான டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கணக்கு) போக 3 டிபி கையில். அதுவும் நிரம்பிவிட்டது. புது சர்வருக்குப் பணமில்லை, ஐந்தாவது டிஸ்க் செருக பே இல்லை. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி 4 டிபி போட்டு, கடைசியில் அரேயை, அதாவது நாலும் சேர்ந்த தொகுப்பை, பெரிதாக்கப் போகிறோம். இயங்குதளம் தனி டிஸ்க்கில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

பேக்கப் எடுங்கள். ரெய்டுதான் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், அவ்வளவுதான். நாம் வேண்டுமென்றே ஒரு டிஸ்க்கை வெளியே எடுக்கிறோம், அதுவும் நாலு தடவை. ரீபில்டு (புது டிஸ்க்கில் தரவைத் திரும்ப எழுதுவது) முடிவதற்குள் இன்னொன்று படுத்தால் மொத்தமும் போச்சு. கழற்றிய பழைய டிஸ்க்குகளே பேக்கப் என்று சிலர் நினைப்பதுண்டு. அவை வெவ்வேறு நாளில் கழன்றவை. திரும்பச் சேர்த்தால் ஒன்றோடொன்று ஒத்துவராது.

அடுத்தது டிஸ்க்குகளை சர்வரோடு இணைக்கும் கன்ட்ரோலர் கார்டு. பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றுக்கு 2 டிபிக்கு மேல் கண் தெரியாது. டெல் பவர்எட்ஜ் ஆர்710-இல் வந்த பெர்க் 6/ஐ அந்த ரகம். அதனால் நாலையும் சேர்த்து வாங்காமல், முதலில் ஒன்று வாங்கிச் செருகிப் பாருங்கள். முழு அளவு தெரிந்தால் மிச்சம் மூன்று. எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் டிஸ்க்) வேண்டாம், ரீபில்டு இழுத்துக்கொண்டே போகும். தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் என்று கேட்டு வாங்குங்கள்.

பிறகு ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் பாருங்கள். நான்கு ‘யூ’ வரிசையாக நிற்க வேண்டும். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் ஏற்கெனவே ஒரு டிஸ்க் அவுட். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ‘பெண்டிங் செக்டர்’ (படிக்கத் தடுமாறும் பகுதிகள்) பூஜ்யமாக இருக்கிறதா என்று நான்கிலும் பார்த்துவிடுங்கள்.

எந்த டிஸ்க்கைக் கழற்றுவது?

எனக்கு அடி விழுந்த இடம் இது. லினக்ஸ் ஒரு டிஸ்க்குக்கு எஸ்டிபி என்று பெயர் கொடுத்தால் அது இரண்டாவது பே என்று நானாக முடிவுசெய்து உருவினேன். நான் ஃபெயில் செய்து (பழுது என்று குறித்து) வைத்திருந்தது நாலாவது பேயில் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் இல்லை, அரே நின்றுபோனது. உருவியதைத் திரும்பச் செருகி, ஃபோர்ஸ் போட்டு அசெம்பிள் செய்ததில் (கட்டாயப்படுத்தி அரேயைத் திரும்பச் சேர்த்ததில்) எழுந்து வந்தது. அது வரும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

லினக்ஸ் கொடுக்கும் பெயரை நம்பாதீர்கள், ரீபூட்டில் அது மாறும். ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட் காட்டும் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தரவை நகலெடுக்கும் டிடி கமாண்டால் அந்த டிஸ்க்கை மட்டும் படிக்கவிட்டு, வந்ததை எல்லாம் தூக்கிப்போடும் டெவ்நல்லுக்கு அனுப்புங்கள். சர்வர் முன்னால் போய் நின்றால் ஒரு பேயின் விளக்கு மட்டும் விடாமல் துடிக்கும். அந்தப் பேயின் கேடியில் (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) சீரியலை எழுதி ஒட்டுங்கள். டிடியில் உள்ளே, வெளியே இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், டிஸ்க் அழிந்துவிடும்.

மாற்றுவது

ரெய்டை ஆளும் எம்டிஅட்ம் கமாண்டில் அந்த டிஸ்க்கை முதலில் ஃபெயில், அடுத்து ரிமூவ். இப்போது உருவுங்கள், சீரியலைச் சரிபாருங்கள், புதியதைச் செருகுங்கள். அரே பார்ட்டிஷன்மேல் கட்டப்பட்டிருந்தால் புது டிஸ்க்கில் ஜிபிடி வகை பார்ட்டிஷன் டேபிள் போட்டு முழு அளவுக்கும் ஒரே பார்ட்டிஷன் உருவாக்குங்கள். பழைய பார்ட்டிஷன் டேபிளை அப்படியே நகலெடுத்தால் 4 டிபி டிஸ்க்கிலும் 1 டிபிதான் கிடைக்கும். பிறகு ஆட். ரீபில்டு தானாகத் தொடங்கும்.

இந்தக் கட்டத்தில் எழுதப்படுவது 1 டிபி மட்டுமே. நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். சர்வர் வேலையில் இருந்தால் அதற்கு மேலும் ஆகும். யுபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். நாலு ‘யூ’வும் திரும்ப வந்த பிறகே அடுத்த டிஸ்க்.

பெரிதாக்குவது

நான்கும் மாறியாயிற்று, இருந்தும் அளவு அதே 3 டிபிதான். பயப்பட வேண்டாம், இன்னும் அரேயிடம் யாரும் சொல்லவில்லை. பிட்மேப் (எந்தப் பகுதியில் எழுதப்பட்டது என்று ரெய்டு வைக்கும் குறிப்பு) இருந்தால் தற்காலிகமாக எடுத்துவிட்டு, எம்டிஅட்மில் குரோ, சைஸ் மேக்ஸ் கொடுங்கள். புதிதாக வந்த 3 டிபி பகுதியை நாலு டிஸ்க்கிலும் ஒத்திசைக்க அதே வேகத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் விட்டுவிட்டுப் போங்கள். காலையில் பிட்மேப்பைத் திரும்பப் போடுங்கள்.

அடுத்து ஃபைல் சிஸ்டம். எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் கமாண்ட். மவுண்ட் ஆகியிருக்கும்போதே செய்யலாம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ். அதற்கு மவுண்ட் ஆகியே இருக்க வேண்டும். நடுவில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் அடுக்கு) இருந்தால் பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட் இரண்டும் முதலில்.

12 டிபி வர வேண்டிய இடத்தில் டிஸ்க் இடத்தைச் சொல்லும் டிஎஃப் கமாண்ட் சுமார் 10.9 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், டிஎஃப் 1024-ஆல். எக்ஸ்ட்4-இல் இன்னொரு கழிவும் உண்டு. வழக்கமாக 5 சதவீதம் ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கப்படும். இங்கே அது 600 ஜிபி. வெறும் தரவு வைக்கும் டிஸ்க்குக்கு அவ்வளவு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கமாண்டில் 1 சதவீதமாகக் குறைத்தால் 480 ஜிபி திரும்பக் கிடைக்கும்.