வேலை என்னாச்சு என்று கேட்பதை நிறுத்திய பிறகு

என் மகனுக்கு அப்போது 27 வயது. இருந்த வேலை போய், 14 மாதம் வீட்டிலேயே இருந்தான். முதல் இரண்டு மாதம் மும்முரமாகத் தேடினான். பிறகு தேடுவதும் நின்றது. மதியம் எழுவான், அறைக் கதவைச் சாத்திக்கொள்வான், விடிகிற நேரத்தில் தூங்கப் போவான். தினமும் சாயங்காலம் நான் அந்தக் கதவருகே போய் நின்று, "இன்னைக்கு எங்கயாச்சும் அப்ளை பண்ணியாப்பா?" என்று கேட்பேன். அக்கறையில்தான் கேட்டேன். ஒரு நாள் அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "அம்மா, நீ ஒரு தடவை கேக்கற. நான் படுத்துக் கிடக்கற நேரமெல்லாம் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் செய்தோம். நீங்களாவது சரியான வரிசையில் செய்யுங்கள்.

முதலில் டாக்டர்

ஐந்து மாதம் நாங்கள் இதைச் சோம்பேறித்தனம் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் பாட்டுக் கேட்பதை விட்டிருந்தான். உயிராக வைத்திருந்த சைக்கிளில் தூசி படிந்திருந்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தான். இத்தனையும் கண்ணில் பட்டும் எனக்கு உறைக்கவில்லை. பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் தாறுமாறாவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாகத் தினமும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு குறைவு, ரத்தசோகை போன்றவையும் ஆளை இப்படி முடக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். "உனக்கு மனசு சரியில்ல, டாக்டர்கிட்ட போ" என்றபோது அவன் வரவில்லை. "தூக்கம் கெட்டுப் போச்சு, அதை மட்டும் காட்டிட்டு வரலாமா?" என்றபோது வந்தான்.

சாவைப் பற்றி ஏதாவது சொன்னால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள். அந்த நேரத்தில் வேலைப் பேச்சே வேண்டாம்.

'நாள் முழுக்க சும்மாதானே இருக்கான்' என்று நினைக்காதீர்கள்

என் கோபமெல்லாம் இதில்தான் இருந்தது. இவ்வளவு நேரம் கையில் இருக்கிறதே, ஒரு புத்தகம் படிக்கலாம், ஒரு படிப்பில் சேரலாமே என்று. அவனுடைய ஆலோசகர் ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அந்தக் கோபம் தணிந்தது. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் இருந்த பஞ்சாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மரீ யாஹோதா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஜைசல் மூவரும் தங்கள் குழுவோடு அங்கே போய் மக்களைக் கவனித்து, 1933-ல் அறிக்கை வெளியிட்டார்கள். கை நிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடை மெதுவாகி, வழியில் நின்று நின்று போனார்கள். வேலை போனால் சம்பளத்தோடு நாளின் கட்டுக்கோப்பும் போய்விடுகிறது. கட்டுக்கோப்பில்லாத நாளில் எந்த மனிதருக்கும் கை எழாது.

மனசு வந்தால் செய்வான் என்று நான் காத்திருந்தேன். செய்யத் தொடங்கினால்தான் மனசே வரும் என்பார்கள் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தருபவர்கள். அதனால் நாங்கள் வேலைப் பேச்சை விட்டுவிட்டு, அவன் எழுகிற நேரத்தைப் பிடித்தோம். தூங்குவது எப்போதாக இருந்தாலும் எழுவது ஒரே நேரம், எழுந்ததும் வெளிச்சத்தில் நடை. மதியம் 1 மணியிலிருந்து 12, பிறகு 11 என்று மெல்ல மெல்ல நகர்த்தினோம். 9 மணிக்கு வர ஆறு வாரம் ஆனது. என் வீட்டுக்காரர் கூடவே நடப்பார், ஒன்றும் பேசமாட்டார். நான் தந்த அறிவுரைகளைவிட அந்தப் பேசாத நடைதான் அவனை வெளியே கொண்டுவந்தது என்று நம்புகிறேன்.

வாரத்தில் ஒரு முறை, அரை மணி நேரம்

தினசரி விசாரணையை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் மட்டும் வேலையைப் பற்றிப் பேசுவது, மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அவனிடமே சொல்லி ஒப்புக்கொண்டோம். முதல் வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாவது வாரம், மாதக்கணக்கில் வராதவன் கூடத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தான்.

அந்த அரை மணியில் பேசும் முறையை ஆலோசகர் சொல்லிக்கொடுத்தார். வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் உருவாக்கிய முறை அது. மாற வேண்டும் என்று நாம் வாதாடினால், மாற முடியாததற்கான காரணங்களை எதிரில் இருப்பவர் அடுக்குவார். மாற வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். இப்படிக் கேட்டேன்: "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள, வேலைக்குப் போகணும்னு இப்ப எவ்வளவு தோணுது?" "மூணு" என்றான். ஏன் எட்டு இல்லை என்று கேட்கத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "ஏன் பூஜ்யம் இல்ல?" என்றேன். ரொம்ப நேரம் கழித்து, "என் காசுல சைக்கிளுக்கு டயர் வாங்கணும்மா" என்றான். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

நீங்கள் எதையெல்லாம் செய்வதை நிறுத்த வேண்டும்

அவனுடைய பயோடேட்டாவை நான் எழுதினேன். அவன் பெயரில் விண்ணப்பங்களை நிரப்பினேன். தெரிந்தவர்களுக்கு அவனுக்காக நானே போன் செய்தேன். அவன் துணியைத் துவைத்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் கையில் பணமும் வைத்தேன். அவர் ஒரு பக்கம் "வீட்டை விட்டுப் போ" என்று கத்த, நான் மறுபக்கம் ரகசியமாகக் கொடுக்க, இரண்டுமே அவனைக் கெடுத்தன. கத்தலைவிட அந்த ரகசியப் பணம்தான் மோசம். வீட்டில் ஒருவர் பேச்சுக்கு மதிப்பில்லை என்று அது அவனுக்குக் காட்டிக்கொடுத்தது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் எலி லெபோவிட்ஸ் இந்த மாதிரிக் குடும்பங்களோடு வேலை செய்பவர். பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை விட்டுவிட்டு, பெற்றோர் தாங்கள் செய்வதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வழி. எங்களுக்கு அது பொருந்தியது. முதலில் நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து, நிஜமாகவே கடைப்பிடிக்க முடிந்ததை மட்டும் முடிவு செய்தோம். பிறகு ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தோம்: "நீ கஷ்டப்படுறது எங்களுக்குத் தெரியும். உன்னால மீண்டு வர முடியும்னும் நம்புறோம். அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து உன் துணியை நீ துவைச்சுக்கோ. போன் பில்லை நாங்க கட்ட மாட்டோம். மாசத்துக்கு இவ்வளவுதான் கைச்செலவுக்கு, அதுவும் ரெண்டு பேரும் சேர்ந்து கொடுப்போம். டாக்டர் செலவு எப்பவும் எங்களோடது." சாப்பாட்டிலும் இருக்க இடத்திலும் கை வைக்கவில்லை. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையைத் தெருவில் நிறுத்துவது ஆபத்து.

கோபத்தில் எதையும் அறிவிக்காதீர்கள். ஒரு ராத்திரி நான் சொல்லாமல் கொள்ளாமல் இன்டர்நெட்டை அணைத்தேன். நான்கு நாள் கதவு திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மன்னிப்புக் கேட்டேன்.

தேடத் தொடங்கிய பிறகு

இதில் அதிகம் சொல்ல இல்லை, தேடுவதை அவன்தான் செய்ய வேண்டும். நாங்கள் சொன்னது இரண்டே விஷயம். 'இந்த வாரம் நாலு இடத்துக்கு அப்ளை பண்றேன்' என்ற திட்டம் நடக்காது. 'செவ்வாய்க்கிழமை குளிச்சதும் மேஜையில உட்கார்ந்து ஒரு போன்' என்பது நடக்கும். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முடிவுசெய்து வைப்பவர்கள் அதைச் செய்துமுடிப்பது கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். இன்னொன்று, நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த இடங்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே. எப்போதோ பழகியவர்கள் மூலம்தான் புதிய வேலைச் செய்தி வரும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதினார். அவன் எட்டு வருடமாகப் பேசாத ஒருவனை அழைத்தான். எண் கேட்டபோது தேடித் தந்தேன், பேசியது அவன்.

உறவுக்காரர்கள் கேட்டால், "அவன் உடம்பைப் பார்த்துக்கிட்டு இருக்கான், அவனே சொல்லுவான்" என்பதோடு நிறுத்துங்கள். அவன் காதுபட வேறொரு பிள்ளையின் சம்பளத்தைப் பேசவிடாதீர்கள்.

முதலில் கிடைத்த வேலையை மூன்றாவது வாரமே விட்டுவிட்டு வந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அன்று புதன்கிழமை, ஞாயிறு வரை ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனே முதலில் வந்து உட்கார்ந்து, "சத்தம் தாங்கல, ஆனா காலைல எழுந்து போக முடிஞ்சுதும்மா" என்றான். இப்போது வாரத்தில் நான்கு நாள் ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போகிறான். டயர் மாற்றியாகிவிட்டது.