31 படத்துக்கு எட்டுத் தாள் போதும்

ஒக்டோபர் பிறந்தால் படம் வரைகிற ஆட்கள் எல்லாரும் கறுப்பு மையும் கையுமாகத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் தன் மைவேலையைத் திருத்திக்கொள்வதற்காக 2009 இல் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒரு மாதப் பயிற்சி அது, பெயர் இங்க்டோபர். நம் திருகோணமலையின் கிண்ணியாப் பாலம் திறந்ததும் அதே 2009 ஒக்டோபரில்தான், அதனால் எனக்கு வருடம் மறப்பதே இல்லை. நாளுக்கு ஒரு படம், மையில், 31 நாள். முதலில் பென்சிலால் கீறிக்கொண்டு மேலே மை போடலாம், அது குற்றமில்லை. ஒக்டோபர்தான் வேண்டும் என்றும் இல்லை, எந்த மாதமும் சரி.

நான் இதை மூன்று முறை தொடங்கி இரண்டு முறை பாதியில் விட்ட ஆள். முதல் முறை ஆறாம் நாளே முடிந்துவிட்டது. பெரிய சித்திரக் கொப்பி, வோட்டர் கலர், ஒரு படத்துக்கு இரண்டு மணித்தியாலம், போதாததற்கு யாரோ போட்ட பட்டியலில் அன்றைக்கு ‘டிராகன்’ என்று இருந்தது. வேலையால் வந்து இரவு பத்து மணிக்கு அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். நான் எங்கே டிராகனைக் கண்டேன்? எங்கள் ஒழுங்கைக்குள் மான் வந்து வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நிற்கிறது, அதை விட்டுவிட்டு டிராகன். மூன்றாம் முறை முடித்தேன். அப்போது என்ன மாற்றினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் முதல் முறையே முடித்துவிடலாம்.

முதல் வேலை, தாளை வெட்டுவது

ஏ4 தாள் எட்டு எடுங்கள். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டினால் 32 துண்டு வரும், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு தபாலட்டை அளவு. 31 நாளுக்கு 31, ஒன்று மிஞ்சும். மிஞ்சினதில் பேனை கிறுக்கிப் பார்க்காமல் எங்கேயாவது பத்திரமாக வையுங்கள், அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

சின்னத் தாள் ஏன் என்றால், அதில் இருபது நிமிடத்தில் ஒரு படம் முடியும். ஏ4 முழுத்தாளில் ஒரு மூலையை நிரப்பவே அவ்வளவு நேரம் போய்விடும், மிச்ச வெள்ளையைப் பார்க்கப் பார்க்கப் பயம் வரும். போட்டோக்கொப்பி எடுக்கிற தாள் 80 கிராம் (gsm) கனம்தான், மார்க்கர் போட்டால் பின்பக்கம் ஊறிவிடும். 160 கிராமுக்கு மேலே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெள்ளை பிரிஸ்டல் போர்ட் வாங்கி இதே அளவுக்கு வெட்டுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும்.

பேனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். வீட்டில் கிடக்கிற சாதாரண போல்பொயின்ட் முதல் வாரத்துக்குப் போதும். வேறு பேனை வாங்கினால் ஒரு கோடு இழுத்து, ஒரு நிமிடம் விட்டு, ஈர விரலால் தடவிப் பாருங்கள். கலைந்தால் அது தண்ணீரில் கரைகிற மை, சில ஜெல் பேனைகள் இப்படித்தான். கலைவதும் பிழையில்லை, ஈரத் தூரிகையால் தொட்டால் இலவசமாகச் சாம்பல் நிறம் கிடைக்கும். ஒன்று மட்டும், மாரி காலத்துக் காற்றில் மை காய இன்னும் நேரம் எடுக்கும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி வைத்துக்கொண்டு வரையுங்கள். இடக்கைக்காரருக்கு இது கட்டாயம்.

இரண்டாவது, பட்டியல்

இங்க்டோபருக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு சொற்பட்டியல் வரும், நாளுக்கு ஒரு சொல். பழகினவர்களுக்கு அது நல்ல விளையாட்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு, என் கணக்கில், அது இடைஞ்சல், ஏனென்றால் இருக்கிற இருபது நிமிடத்தில் பதினைந்து ‘இதுக்கு என்னத்தை வரையிறது’ என்று யோசிப்பதிலேயே போய்விடும். உங்கள் பட்டியலை நீங்களே எழுதுங்கள், நேரே கண்ணால் பார்க்கக்கூடிய பொருட்கள் மட்டும். மூன்று கூறாகப் பிரித்து எழுதினால் லேசு.

வீட்டுக்குள் இருப்பவை பதினாறு. இடியப்ப உரல், புட்டுக் குழல், சுளகு, தேங்காய் துருவலை, காயப்போட்ட குடை, வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள், இப்படி. ஒக்டோபர், நவம்பரில் நம் பக்கம் மழை தொடங்கிவிடும், வெளியே போக ஏலாத நாட்கள் நிறைய வரும், அதனால்தான் பாதிக்கு மேல் வீட்டுக்குள்.

பத்து நிமிட நடையில் இருப்பவை பத்து. மான், கரையில் ஏற்றிவைத்த வள்ளம், மீன் பெட்டி கட்டின மோட்டார் சைக்கிள், தேத்தண்ணிக் கடை வாங்கு.

லீவு நாளுக்கு ஐந்து. கிண்ணியாப் பாலம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோணேசர் கோவில் மலை, இன்னும் உங்களுக்குப் பிடித்த இரண்டு.

தேதி போடாதீர்கள். அன்றைக்கு எது தோதோ அதை வரைந்துவிட்டுப் பட்டியலில் வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது, நேரம்

போனில் இருபது நிமிடம் வையுங்கள். மணி அடித்தால் பேனையை மூடுங்கள், படம் பாதியில் நின்றாலும் சரி. எனக்குப் பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு, அதே கதிரையில். இதில் வேறு சூத்திரம் ஒன்றும் இல்லை.

நாலாவது, வாரத்துக்கு ஒரு விதம்

தினமும் பொருள் மாறட்டும், வரைகிற விதம் ஒரு வாரத்துக்கு ஒன்றாகவே இருக்கட்டும், அப்போதுதான் கை பழகும்.

முதல் வாரம், பேனையைத் தூக்காமல் ஒரே கோட்டில் வரையுங்கள், கண் தாளில் அல்ல, பொருளில். கோணலாகத்தான் வரும். என் இடியப்ப உரல் நாற்காலி மாதிரி வந்தது.

இரண்டாம் வாரம், உள்ளே ஒன்றும் போடாமல் வெளி உருவத்தைக் கறுப்பால் நிரப்புங்கள். வள்ளத்துக்கு இது அருமையாகப் பொருந்தும். காலையில் என்றால் டச் பே கடற்கரைப் பக்கம் போங்கள், கிழக்கே பார்த்த கரை, சூரியன் வள்ளத்துக்குப் பின்னால் எழும்புவதால் உருவம் மட்டும் கறுப்பாகத் தெரியும். பின்னேரம் என்றால் உள்துறைமுகப் பக்கம். கடலுக்குக் கோடு போட்டு நிரப்ப வேண்டாம், வெள்ளையாக விடுங்கள், வள்ளத்தின் அடியில் இரண்டு மூன்று சிறு கோடு போதும், பார்க்கிறவர் கண் மிச்சத்தைக் கடலாக்கிவிடும்.

மூன்றாம் வாரம் அசைகிற பொருட்கள், நமக்கு அது மான்தான். வேறு ஊர்க்காரர் மிருகக்காட்சிச்சாலைக்குப் போக வேண்டும், நமக்குப் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் பஸ் நிலையத்துப் பக்கத்திலும் சும்மா நிற்கிறது. அழகாக ஒரு மான் வரைய வேண்டும் என்று போகாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் ஐந்தாறு மான், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். மூக்கு நுனியில் தொடங்கி கழுத்து, முதுகு, வால் வரைக்கும் ஒரே கோடு, கால்கள் பிறகு. மேய்கிற மான் திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வரும், அதனால் தலையைத் தூக்கிவிட்டால் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்குங்கள், திரும்பக் குனியும்போது பழையதுக்கு வாருங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் எடுத்தது, அதுவரை மானைத் திட்டிக்கொண்டு இருந்தேன். அடுத்தது புள்ளிகள். அவை வெள்ளை, பேனையால் வெள்ளை போட முடியாது. பென்சிலால் புள்ளிகளை மெல்லக் குறித்துவிட்டு, அவற்றை விட்டுச் சுற்றிவரச் சரிகோடுகள் போடுங்கள், பிறகு பென்சிலை அழித்தால் புள்ளி தானாக எழும்பி வரும். கோட்டைக்குள் ராணுவ முகாமும் இருக்கிறது, அதன் வாசலைப் பார்த்துக்கொண்டு கொப்பியை விரிக்காமல் கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் மர நிழலில் இருங்கள், வீண் விசாரணை வராது.

மிச்ச நாட்கள் தூரம் காட்டப் பழகுவதற்கு. கிண்ணியாப் பாலத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் பக்கத்துத் தூண்களுக்கு இடையில் அகலமான இடைவெளி, போகப் போக நெருங்கி, கடைசியில் ஒட்டினமாதிரித் தெரியும். அந்த இடைவெளி குறைவதை மட்டும் சரியாகப் போட்டால் பாலம் நீளும். கன்னியாவில் ஏழு கிணறும் கிட்டக் கிட்ட இருப்பதால் அங்கும் இதே கணக்குத்தான், முன்னால் இருப்பது பெரிசு, பின்னால் இருப்பது சின்னது. மலையை வரைந்தால் வெயில் படாத பக்கத்துக்கு மட்டும் கோடு போடுங்கள்.

ஐந்தாவது, நாள் தவறினால்

தவறும். என் இரண்டாவது முறை இதில்தான் போனது. காய்ச்சலில் நாலு நாள் விட்டு, ஐந்தாம் நாள் இரவிருந்து ஐந்து படம் வரையப் பார்த்து, மூன்றாவதில் வெறுத்துப்போய் பேனையை எறிந்தேன். விட்டதை நிரப்ப வேண்டாம். அந்த நாளின் தாளில் ‘காய்ச்சல்’ என்றோ ‘கரண்ட் இல்லை’ என்றோ எழுதி வைத்துவிட்டு இன்றைய படத்துக்குப் போங்கள். இங்க்டோபரிலேயே ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு ஒன்று என்று செய்யவும் இடம் இருக்கிறது, பிறகு நமக்கு என்ன?

முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ போடுவதாக இருந்தால் காலையில் யன்னலோரம் தாளை வைத்து, போனைத் தாளுக்கு நேர் மேலே சரிவில்லாமல் பிடித்து, பிளாஷ் போடாமல் எடுங்கள். போடாவிட்டாலும் ஒன்றும் குறையாது, நான் பாதிக்கு மேல் போடவில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் பத்திரமாக வைத்த அந்த 32 ஆவது துண்டை எடுங்கள். முதல் நாள் வரைந்த அதே பொருளை, அதே கதிரையில் இருந்து, அதே இருபது நிமிடத்தில் திரும்ப வரையுங்கள். பிறகு பேனை நிறுத்திவிட்டு, நான் சொல்வது மேலே சுழல்கிற ஃபேனை, எல்லாத் தாளையும் தரையில் பரப்பி, முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடைய இரண்டாவது உரலில் கைபிடி இருந்தது.