ஸ்டீம் டெக்கில் ஒலிப்பதிவு: தொடக்க நிலையினருக்கான செய்முறை

விளையாட்டுக்காக 2022-இல் வெளிவந்த கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக்குக்குள் ஓடுவது முழுமையான லினக்ஸ் இயங்குதளம். பாட்டு, பேட்டி, பாட்காஸ்ட் எதையும் தரமாகப் பதிய அது தாராளமாகப் போதும். தொல்லை தருபவை இரண்டுதான்: ஒரே ஒரு யுஎஸ்பி-சி போர்ட், உள்ளே சுழலும் விசிறி.

வாங்க வேண்டியவை: சார்ஜரையும் சேர்த்துச் செருகக்கூடிய யுஎஸ்பி-சி ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி), தனி டிரைவர் கேட்காத ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் பெட்டி; ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றது), மைக்கை அதோடு இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள், மைக், காதை மூடும் ஹெட்ஃபோன். அமைதியான அறை இல்லாதவர்கள் டைனமிக் மைக்கே வாங்குங்கள். கண்டென்சர் மைக் விசிறிச் சத்தத்தையும் தெருச் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு வரும்.

1. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து டெஸ்க்டாப் மோடுக்கு மாறுங்கள். செயலிகளை நிறுவ உதவும் டிஸ்கவரில், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் தேடி நிறுவுங்கள். அதை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். டெர்மினலில் தட்டச்சு செய்யும் பேக்மேன் என்ற நிறுவல் கட்டளையால் எதையும் நிறுவ வேண்டாம். அடுத்த சிஸ்டம் அப்டேட் அதைத் துடைத்துவிடும். டிஸ்கவர் தரும் பிளாட்பேக் (சிஸ்டத்திலிருந்து தனியாக நிறுவப்படும்) செயலிகளுக்கு அந்தக் கவலை இல்லை. திரையில் விசைப்பலகை வேண்டுமென்றால் ஸ்டீம், எக்ஸ் பொத்தான்களைச் சேர்த்து அழுத்துங்கள்.

2. சிஸ்டம் செட்டிங்ஸில் மின்சாரப் பகுதிக்குப் போய், தானாக உறங்கும் வசதியை அணையுங்கள். நீண்ட பேட்டி பாதியில் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

3. ஹப்பில் முதலில் சார்ஜர், பிறகு இன்டர்ஃபேஸ். பதிவின் நடுவே சார்ஜரைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. எவ்வளவு மின்சாரம் என்று ஹப் மறுபடி முடிவு செய்யும் நொடியில் இன்டர்ஃபேஸ் துண்டிக்கப்படலாம். ஹெட்ஃபோனில் 'உம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலேயே பதியத் தொடங்குங்கள்.

4. கீழே வலப்பக்க ஸ்பீக்கர் ஐகானில், ஒலி உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இன்டர்ஃபேஸையே தேர்ந்தெடுங்கள். மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பொத்தான், கண்டென்சர் மைக்குக்கு மட்டும். அதை அழுத்தும்போது கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) பூஜ்ஜியத்தில் இருக்கட்டும்.

5. ரீப்பரில் ஆல்ட்+என்டர் அழுத்தி சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) 48000, கோப்பு வடிவம் வேவ் 24 பிட் என வையுங்கள். கன்ட்ரோல்+டி புதிய டிராக் தரும். பதிவுக்குத் தயாராக்கும் அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தி, மோனோ இன்புட் 1 தேர்ந்தெடுங்கள். டிராக்கின் மானிட்டரை (பாடும்போதே குரலை ஹெட்ஃபோனில் கேட்கும் வசதி) அணைத்துவிட்டு, கணினி வழியாகச் சுற்றாமல் குரலை நேரே தரும், இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரை இயக்குங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் உங்கள் குரலே சற்றுத் தாமதமாக இன்னொரு முறை கேட்டு, பாடவே விடாது.

6. மைக்கிலிருந்து 15 செ.மீ. தள்ளி, உண்மையில் பாடப்போகும் சத்தத்திலேயே பாடுங்கள். உச்சம் -12 டெசிபலைத் தொடும் அளவுக்குக் கெயினை ஏற்றுங்கள். 24 பிட்டில் சற்றுக் குறைவாகப் பதிந்தாலும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பூஜ்ஜியத்தை மீறி வெட்டுப்பட்ட குரலை மீட்க முடியாது.

7. டெக்கை மைக்கின் பின்புறத்தில், ஒரு மீட்டருக்கு அப்பால் வையுங்கள். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். விசிறிக் காற்று மேல்விளிம்பில் வெளியேறுவதால், அந்த விளிம்பு மைக்கைப் பார்த்திருக்கக் கூடாது.

கன்ட்ரோல்+ஆர் அழுத்தினால் பதிவு தொடங்கும். ஒரு நிமிடம் சோதனையாகப் பதிந்து, ஹெட்ஃபோனில் முழுவதும் கேட்ட பிறகே அசல் வேலையைத் தொடங்குங்கள். மோனோ டிராக் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 520 எம்பி இடம் பிடிக்கும்; இரண்டு மைக் என்றால் அதைப்போல இரு மடங்கு.