ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் எரியாவிட்டால்

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்புதான் போயிருக்கும். ஆயினும் பல கார்களில் இரு பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ் இருப்பதால், அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

விளக்கை அணைத்து, சூடு ஆறிய பிறகு பானட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் பின்புறம் ஒயரைப் பல்புடன் இணைக்கும் கப்ளரை, ஒயரைப் பிடித்து இழுக்காமல் கழற்றி, ரப்பர் மூடியை நீக்கி, கம்பிக் கிளிப்பை விடுவித்தால் பல்பு வந்துவிடும். கப்ளர் கருகியிருந்தால் அதையும் மாற்றாமல் புதிய பல்பு போடுவது வீண்.

பெங்களூரு ஜே.சி. ரோட்டு கார் உதிரிபாகக் கடைகளில் பழைய பல்பைக் காட்டியே வாங்கலாம். ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒரே பல்பில் வரும் எச்4 ஹாலஜன் வகைக்கு 60/55 வாட் (ஹை 60, லோ 55) போதும். 100 வாட்டை யார் சிபாரிசு செய்தாலும் வேண்டாம், ஒயரிங் சூடேறும். பல்புக் கண்ணாடியில் விரல் பட்டால், அந்த எண்ணெய்ப்பசையாலேயே பல்பின் ஆயுள் குறையும் என்பதால், உலோகப் பகுதியைப் பிடித்தே பொருத்த வேண்டும்.

ரப்பர் மூடி சரியாக அமராவிட்டால் மழைநீர் உள்ளே புகும்.