குகைக்குள் முதல் நடை: நாமே போகலாமா, கைடு வேண்டுமா?

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர்களுக்குச் சுண்ணாம்பு மலை புதிதல்ல. காடி ஈப்போ பக்கம் திரும்பினாலே வெள்ளையும் சாம்பலுமாகச் செங்குத்தாக நிற்கும். ஆனால் "குகைக்குள்ள போயிருக்கியா?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "தைப்பூசத்துக்குப் பத்துமலை போயிருக்கேன்."

அதுவும் குகைதான். 272 படி ஏறி, சாமி கும்பிட்டு, நாமே இறங்கி வருகிறோம். அதே படிகளின் வழியில் இருக்கும் இருட்டுக்குகைக்கு மட்டும் கைடு இல்லாமல் விட்டதில்லை. 2019-இல் அது பார்வையாளர்களுக்கே மூடப்பட்டது. ஒரே மலையில் இரண்டு விதி ஏன்? கோயில் குகை வெளிச்சமானது, விசாலமானது, தொலைந்துபோக வழியில்லை. இருட்டுக்குகையில் விளக்கு கிடையாது, கிளைகள் பிரியும், வௌவால்களும் அரிய பொறிக்கதவுச் சிலந்தியும் வாழும் இடம் அது. நாம் அங்கே தொலையலாம், நம்மால் அங்கே இருப்பவை அழியலாம்.

முதல் முறை போகிறவர்களுக்காக, எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் குவா தெம்பூரோங்கை வைத்துச் சொல்கிறேன். கோப்பெங்குக்கும் கம்பாருக்கும் இடையில் இருக்கிறது. மலாயில் குவா என்றால் குகை, தெம்பூரோங் என்றால் கொட்டாங்கச்சி. உள்ளே கூரை கவிழ்த்த கொட்டாங்கச்சி மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர்.

படி 1: வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று கேள்வி போதும். வழி நெடுக விளக்கு உண்டா? தண்ணீரில் இறங்க வேண்டுமா? பாதை பிரிகிறதா? விளக்கும் கைப்பிடியும் இருந்து, கால் நனையாமல், ஒரே பாதையில் போய் வருவது என்றால் நீங்களே போகலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் கைடு வேண்டும்.

தெம்பூரோங்கில் 1997-லிருந்து ஒரு பகுதியில் விளக்கும் நடைபாதையும் இருக்கின்றன. பொன்னிறப் படிவம் என்ற பாறை வரை போய்த் திரும்பும் சிறிய சுற்று சுமார் 40 நிமிடம். 'உலக உச்சி' என்று பெயர் வைத்திருக்கும் உயரம் வரை ஏறி இறங்குவது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டும் காய்ந்த வழி. அதற்கு மேல் குகைக்குள் ஓடும் ஆற்றில் இறங்கும் சுற்றுகள் இரண்டு: ஒன்று இரண்டரை மணி நேரம், மற்றது மூன்றரை மணிக்கும் மேல். இவற்றுக்குக் கைடு கட்டாயம்.

பெர்லிஸ் காக்கி புக்கிட்டில் உள்ள குவா கெலாம் இன்னும் சுலபம். 370 மீட்டர் நீளம், மரப்பாலத்திலேயே நடந்து மறுபக்கம் வெளியேறிவிடலாம். ஒரு காலத்தில் ஈய லம்பத்துக்காரர்கள் (சுரங்கக்காரர்கள்) பயன்படுத்திய வழி அது. சரவாக்கில் நியா குகைக்குப் பலகைப் பாதையில் நாமே நடந்து போகலாம். மூலுவில் கைடு இல்லாமல் குகை வாசலைத் தாண்ட முடியாது. ஆனால் விமானச் சீட்டு எடுத்துப் போகும் குகையில் முதல் பாடம் படிக்க வேண்டாம்.

என் கருத்து: முதல் முறை உச்சி வரை போகும் காய்ந்த சுற்று. குகை உங்களுக்குப் பிடிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிடித்தால் அடுத்த மாதம் ஆற்றுச் சுற்று.

படி 2: காலும் தலையும்

இதற்குக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியது பாதி வீட்டிலேயே இருக்கும்.

காலுக்கு அடிடாஸ் கம்போங். அதுதான், பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. அடியில் குமிழ் குமிழாக இருப்பதால் ஈரப் பாறையிலும் சேற்றிலும் பிடிக்கும்; தண்ணீர் புகுந்தாலும் உடனே வடிந்துவிடும். காட்டுக் கைடுகள் பலரும் இதைத்தான் போடுகிறார்கள். விலை கொடுத்து வாங்கிய ஓட்டச் சப்பாத்து தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். சிலிப்பர் வேண்டவே வேண்டாம். நான் முதல்முறை ஒரு குகைக்குச் சிலிப்பரோடு, கைப்பேசி வெளிச்சத்தை நம்பிப் போனேன். கால் வழுக்கியது, விழாமல் இருக்கக் கையை ஊன்றினேன், கைப்பேசி பாறை இடுக்கில் போனது. வெளிச்சமும் போனது, படமும் போனது, பேசவும் வழியில்லை. எல்லாம் ஒரே பொருளில் இருந்தால் அப்படித்தான்.

ஆகவே தலைக்கு நெற்றி விளக்கு. விடியுமுன் மரம் குளிர்ந்திருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் என் தாத்தா காலத்தில் இருட்டிலேயே வெட்டுக்காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்போது நெற்றியில் கார்பைட் விளக்கு. கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு வரும், அது எரியும். குகை ஆராய்பவர்களும் பல காலம் அதே விளக்கைத்தான் தலையில் மாட்டிப் போனார்கள். இன்று பேட்டரி விளக்கு போதும். குகைக்காரர்களின் கணக்கு ஆளுக்கு மூன்று வெளிச்சம். விளக்கு எரியும் பாதைக்கு இரண்டு இருந்தால் சமாளிக்கலாம். கைப்பேசி அந்தக் கணக்கில் சேராது.

முழுக்கால் சிலுவார், சீக்கிரம் காயும் சட்டை, தண்ணீர்ப் போத்தல். மாற்றுத்துணி காடியிலேயே இருக்கட்டும். நாசி லெமாக் பொட்டலமும் அப்படியே. உள்ளே சிந்தும் சோறு எலியையும் கரப்பானையும்தான் கூப்பிடும்.

படி 3: மழையைப் பாருங்கள்

நம் பக்கம் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கொட்டும். காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். மழை குகை மேல் பெய்யாவிட்டாலும் மலைக்கு அந்தப்பக்கம் பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். 2018 ஜூன் 23-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 பையன்களும் பயிற்சியாளரும் நடந்துதான் உள்ளே போனார்கள். பின்னால் வெள்ளம் ஏறி வழியை அடைத்தது. கடைசி ஆள் வெளியே வந்தது ஜூலை 10-இல். மழை என்று ஆற்றுச் சுற்றை நிறுத்தினால் கவுண்டரில் சண்டை போடாதீர்கள்.

ஆற்றுச் சுற்று காலையிலேயே தொடங்கும், முன்பதிவும் கேட்பார்கள். முதல் நாளே கூப்பிட்டு நேரத்தையும் கட்டணத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 4: நாமே நடக்கும்போது

வாசலில் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வெயிலில் இருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அவசரப்பட்டு இறங்குகிறவர்கள்தான் முதல் பத்துப் படியில் வழுக்குகிறார்கள்.

அப்புறம் பிரட்டு. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்களே, அதேதான். உள்ளே நுழையும்போது, உச்சியில், திரும்பும்போது என்று மூன்று தடவை எண்ணுங்கள். பிள்ளைகள் நடுவில், பெரியவர் ஒருவர் கடைசியில்.

நடக்கும்போது அடிக்கடி திரும்பிப் பாருங்கள். போகும்போது தெரியும் குகை வேறு, திரும்பும்போது தெரியும் குகை வேறு. உள்ளே நுழைந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கினால் உச்சிக்குப் போகாமலே திரும்பலாம், யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

கைடு இல்லாததால் பார்ப்பது என்ன என்று சொல்ல ஆள் இருக்காது. சுருக்கம் இதுதான்: மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகக் கூரையில் படிந்தால் விழுதாகத் தொங்கும், அது ஸ்டாலக்டைட். தரையில் விழுந்து கூம்பாக எழுந்தால் ஸ்டாலக்மைட். பாறைச் சரிவில் வழிந்து படிந்தால் உறைந்த அருவி மாதிரி இருக்கும். அந்தப் பொன்னிறப் படிவம் அப்படி வந்ததுதான். ஒரு சென்டிமீட்டர் வளர நூறு ஆண்டு அளவில் ஆகும். கை எண்ணெய் பட்டால் சுண்ணாம்பு ஒட்டாது, அந்த இடத்தில் வளர்ச்சி நின்றுபோகும். அதனால்தான் தொடக்கூடாது என்கிறார்கள். கைப்பிடிக் கம்பியைத் தாராளமாகத் தொடுங்கள்.

வௌவால் எச்சத்தைக் கிளறாதீர்கள். அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை நுரையீரல் நோயைத் தரக்கூடும். புதிதாக உடைந்து விழுந்த கல் தெரிந்தால் அதன் கீழே நின்று படம் எடுக்க வேண்டாம். 1973-இல் ஈப்போ குனோங் சீரோவில் பாறை சரிந்து சுமார் 40 பேர் இறந்ததை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

விளக்குப் பாதை முடியும் இடத்தில் சங்கிலியோ பலகையோ இருக்கும். அங்கிருந்து திரும்பிவிடுங்கள்.

படி 5: கைடோடு ஆற்றுக்குள்

இங்கே உங்கள் வேலை குறைவு. தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள். நீச்சல் தெரியாது, இடுக்கு என்றால் பயம், ஆஸ்துமா இருக்கிறது என்றால் வெளியிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே பாதி வழியில் சொன்னால் அவரும் என்ன செய்வார்?

பாறையில் உட்கார்ந்து சறுக்குவீர்கள். வயிற்றால் ஊர்வீர்கள். சில இடத்தில் கழுத்துவரை நனையலாம். ஓர் இடத்தில் கைடு எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்வார். மறுக்காதீர்கள். கையை முகத்துக்கு நேரே ஆட்டினாலும் தெரியாத இருட்டு அது. தோட்டத்து இருட்டில் நட்சத்திரமாவது இருக்கும்.

காலில் கையில் ஆறாத புண் இருந்தால் ஆற்றுச் சுற்றைத் தள்ளிப்போடுங்கள். குகைத் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் புண் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். போய் வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி என்றால் டாக்டரிடம் "குகைக்குப் போனேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

படி 6: வெளியே வந்த பிறகு

கடைசி பிரட்டு. வீட்டுக்குப் போன் போட்டு வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அப்புறம் நாசி லெமாக்கைப் பிரியுங்கள். நெற்றி விளக்கின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை திறக்கும்போது துருதான் இருக்கும். சப்பாத்தைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டால், மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டே தோட்டத்துக்கும் போகலாம்.